சாமி மேடைக்குப் பின்னால் ஒரு கசிவு

சென்ற மாதம் குமரன் தொலைபேசியில் அழைத்தான். நான் வேலையில் இருந்தபோது என்னிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். இப்போது அதே நிறுவனத்தில் மேற்பார்வையாளன்.

"அண்ணே, ஒரு சந்தேகம். புதுசா சேர்ந்த பசங்க கேக்குறாங்க, கடைக்குள்ள போனதும் ஏன் சாமி மேடையில இருந்து லீக் டெஸ்ட் ஆரம்பிக்கிறோம்னு. ஒருத்தன் சொல்றான், பூஜை போட்டுட்டு வேலையைத் தொடங்குறோமாம். இன்னொருத்தன் கிறிஸ்டியன், நானும் கும்பிடணுமான்னு கேக்குறான்."

"நீ என்ன சொன்ன?"

"பழைய ஆளுங்க வச்ச ரூல் லா, பேசாம செய்யுங்கடான்னு சொல்லிட்டேன். உண்மையில எனக்கும் தெரியாதுண்ணே."

அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவன் சேர்ந்தது அந்த விதி வந்த பிறகு. விதியைக் கொண்டுவந்தவர் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. காரணம் தெரிந்தவர்களில், அந்த வேலையைப் பார்த்தவன் என்று இன்று மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன். தொலைபேசியில் பாதிப் பேச்சு என் காதில் விழுவதில்லை. அதனால் எழுதித் தருகிறேன் என்று அவனிடம் சொன்னேன்.

எங்கள் நிறுவனம் குளிரறைகளையும் பெரிய உறைபெட்டிகளையும் பராமரிக்கும் நிறுவனம். எங்கள் தீவில் இந்தியர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவின் பூக்கடைகள், காய்கறிக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள்தாம் எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர். நான் தொழிற்கல்லூரி முடித்து, ராணுவத்தில் கட்டாயத் தேசிய சேவை முடித்து, நேராக அங்கே சேர்ந்தேன். முதல் சில ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கருவிப் பெட்டி தூக்கினேன், செப்புக் குழாய் வளைத்தேன், திட்டு வாங்கினேன்.

அந்நாளில் ஒரு குளிர் இயந்திரத்தைக் கழற்ற வேண்டுமானால், அதற்குள் இருக்கும் வாயுவை முதலில் வெளியேற்றுவோம். வெளியேற்றுவது என்றால் கடைக்குப் பின்னால் உள்ள சந்துக்குப் போய் வால்வைத் திறந்துவிடுவதுதான். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வால்வின் வாயில் வெள்ளையாக உறைபனி படியும். சத்தம் அடங்கும்வரை பக்கத்தில் நின்று தேநீர் குடிப்போம். அந்த வாயுவுக்கு நிறமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி நாங்கள் யாரும் கவலைப்பட்டதில்லை.

பிறகு அரசு விதி வந்தது. குளிர் இயந்திரங்களில் நாங்கள் அடைக்கும் வாயு, புகைபோக்கியில் இருந்து வரும் கரியமில வாயுவைவிடச் சில ஆயிரம் மடங்கு அதிகமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று சொன்னார்கள். இனி அதைக் காற்றில் விடக்கூடாது. இயந்திரம் வைத்து உறிஞ்சி, சிலிண்டரில் பிடித்து, எடை போட்டு, அதை அழிக்கவோ சுத்தப்படுத்தவோ உரிமம் பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். பயிற்சி பெற்றவர் மட்டுமே அதைத் தொடலாம். நரைத்த தலைகளோடு நாங்கள் மறுபடியும் வகுப்பில் போய் உட்கார்ந்தோம். எங்கள் நிறுவனம் தன் பங்குக்கு இன்னொரு விதியையும் சேர்த்தது. ஓர் இயந்திரத்தில் வாயு இரண்டாம் முறை குறைந்தால், கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் மறுபடி நிரப்பக் கூடாது.

இந்த இரண்டாவது விதியை எழுதியவர் என் மேலாளர் சவரிமுத்து. எல்லோருக்கும் அவர் சவரி சார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு கடைக்குள் நுழைந்ததும் வானொலியை நிறுத்தச் சொல்வார். பிறகு உள்ளங்கையைக் குழாயின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பார். அதன்பின் எங்களில் ஒருவனைப் பார்த்து, "சொல்லு, என்ன செய்யப் போற?" என்பார். செய்யப்போவதை வரிசைப்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு படி விட்டுப்போனாலும் "மறுபடி" என்பார். முழுதும் சரியாகச் சொன்னால் "சரி, செய்" என்பார். அவ்வளவுதான் அவருடைய பாராட்டு.

கசிவு தேட அவரிடம் இரண்டு வழிகள். ஒன்று சோப்பு நீர். குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து, சின்னத் தூரிகையால் ஒவ்வோர் இணைப்பிலும் தடவுவார். தடவிவிட்டு மனத்துக்குள் ஒரு ஜெபம் சொல்வார். ஜெபம் முடியும்வரை அந்த இணைப்பைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். மிகச் சிறிய கசிவு குமிழி விட அவ்வளவு நேரம் எடுக்கும் என்பது அவர் கணக்கு. அவர் கத்தோலிக்கர். நான் முருக பக்தன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு நானும் அதே நேரம் காத்திருக்கப் பழகினேன்.

இன்னொன்று கையில் பிடிக்கும் கருவி. நீண்ட கழுத்தின் நுனியில் உணரி இருக்கும். வாயுவை முகர்ந்தால் கீச்கீச்சென்று கத்தும். அதை நாங்கள் 'மூக்கு' என்போம். நல்ல கருவிதான், ஆனால் எங்களிடம் இருந்த மாதிரிக்கு ஒரு குறை உண்டு. வாசனைத் திரவியம், கற்பூரம், சாம்பிராணிப் புகை எதைக் கண்டாலும் கத்தும். லிட்டில் இந்தியாவில் அதை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இனி அந்தப் பூக்கடை.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கிளைத்தெருவில் மணியம் அண்ணனும் பார்வதி அக்காவும் பூக்கடை வைத்திருந்தார்கள். முன்பக்கம் மாலை கட்டும் பலகை, பின்பக்கம் குளிரறை. குளிரறைக்கும் கட்டும் பலகைக்கும் நடுவே, பக்கத்துச் சுவரில் சாமி மேடை. கடையைப் புதுப்பித்தபோது மணியம் அண்ணனே மரம் வாங்கிவந்து, அறுத்து, இழைத்துச் செய்த மேடை அது. பின்பலகை தரையிலிருந்து கூரைவரை இருந்தது. பிள்ளையார், முருகன், அம்மன், அவர் பெற்றோர் படங்கள், எப்போதும் எரியும் விளக்கு, காலையும் மாலையும் சாம்பிராணி.

ஒரு நாள் குளிர் போதவில்லை என்று அழைத்தார்கள். சவரி சாரும் நானும் போனோம். வாயு குறைந்திருந்தது. கசிவைத் தேட ஆரம்பித்தோம். சார் மூக்கை எடுத்துக்கொண்டு குளிரறைக் கதவிலிருந்து சுவரோரமாக நகர்ந்தார். சாமி மேடையை நெருங்கியதும் அது கத்தத் தொடங்கியது.

கட்டும் பலகையில் இருந்து மணியம் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சவரி, சாமிக்கே கேஸ் பிரச்சினையா?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். பார்வதி அக்கா மட்டும், "வாயைக் கழுவுங்க," என்றார்.

"பிள்ளையாருக்கு வயித்தைப் பாத்தாலே தெரியலையா?" என்றார் அண்ணன் விடாமல்.

சவரி சாரும் சிரித்தார். உடனே மூக்கை அணைத்துவிட்டு ஓர் அடி பின்வாங்கினார். அப்போதுதான் தன் காலில் செருப்பு இருப்பதைக் கவனித்து, அதைக் கழற்றி ஓரமாக வைத்தார். சாமி படத்துக்கு நேராக அந்தக் கருவியை நீட்டியதே அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"சாம்பிராணி லா அண்ணே. பலகையில ஊறிப் போயிருக்கு. இது கத்தத்தான் செய்யும்," என்றார்.

மேடையை விட்டுவிட்டு மற்ற இடங்களை எல்லாம் பார்த்தோம். சந்துப் பக்கம் வெளி இயந்திரத்தின் அருகே ஓர் இணைப்பில் சோப்பு நீர் மெல்லக் குமிழி விட்டது. அதைச் சரிசெய்து, வாயு நிரப்பி, குளிர் இறங்குவதைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டோம். அண்ணன் எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்தார். "வீட்டுல கொடுங்க, இன்னிக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும்," என்றார்.

சில வாரங்களில் மணியம் அண்ணன் மாரடைப்பில் இறந்துபோனார். காலையில் பூப்பெட்டி இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியங்கள் முடிந்தபின் பார்வதி அக்கா கடையைத் திறந்தார். மகள் தீவின் மேற்கே கிளமெண்டியில் இருக்கிறாள், ஆசிரியை. கடையை விட்டுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி அழைத்தாள். அக்காவுக்கு மனமில்லை. கடைக்கான வாடகை ஒப்பந்தம் அந்த ஆண்டு இறுதியில் முடிவதாக இருந்தது. அம்மாவும் மகளும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தீபாவளி வியாபாரத்தை அக்கா தனியாகச் சமாளித்துவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது, இல்லாவிட்டால் மகள் வீடு.

இது எங்களுக்குத் தெரியவந்தது தீபாவளிக்குச் சற்று முன்னர். அக்கா மறுபடி எங்களை அழைத்தார். குளிரறை வெதுவெதுப்பாக இருந்தது. கதவைத் திறந்ததும் மல்லிகையின் வாசம் அளவுக்குமீறி வந்தது. பூ கெட ஆரம்பித்தால் அப்படித்தான் வரும். அரும்பாக வந்திறங்கியவை மலர்ந்து, ஓரத்தில் பழுத்திருந்தன.

"மறுபடியும் கேஸ்தானே சார்? போட்டு விடுங்க. தீபாவளி மட்டும் ஓடிட்டா போதும்," என்றார் அக்கா. பிறகு ஒப்பந்தத்தைப் பற்றியும் மகள் சொன்னதைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னார்.

சவரி சார் உள்ளங்கையைக் குழாயில் வைத்து, கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, கேஸ் போட்டா ஓடும். ஆனா அது அத்தனையும் எங்கயோ ஓட்டை வழியா ஆகாசத்துக்குப் போகுது. இனிமே அப்படிப் போட முடியாது. ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைச்சிட்டுப் போட்டுத் தர்றேன். அடைச்சாச்சுன்னா இன்னிக்கே போட்டுருவேன்."

"ஊர்ல எத்தனை கார் ஓடுது, எத்தனை ஏரோப்ளேன் பறக்குது. என் பூக்கடைதான் ஆகாசத்தைக் கெடுக்குதா சார்?"

அவர் குழாயிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்து, "சொல்லு செல்வம், என்ன செய்யப் போற?" என்றார்.

நான் வரிசைப்படி சொன்னேன். மின்சாரத்தைத் துண்டிப்பது. காலி சிலிண்டரை எடை போடுவது. உறிஞ்சும் இயந்திரத்தை இரு பக்கமும் குழாயால் இணைப்பது. இணைப்புக் குழாய்களில் இருக்கும் காற்றை எடுப்பது. மிச்சமிருக்கும் வாயுவை முழுதும் சிலிண்டருக்கு மாற்றுவது. மறுபடி எடை போடுவது. பிறகு குழாய்களில் நைட்ரஜனை அழுத்தி அடைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது.

"சரி, செய்."

உறிஞ்சும் இயந்திரம் ஓடிய நேரம் முழுவதும் பார்வதி அக்கா கட்டும் பலகையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிலிண்டரைத் தராசில் ஏற்றியபோது கேட்டார்.

"போடச் சொன்னா எடுத்துட்டுப் போறீங்களே தம்பி."

சிலிண்டரில் சேர்ந்தது, இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. மீதி எங்கள் தலைக்குமேல் எங்கேயோ இருந்தது. திரும்பி வராது.

நைட்ரஜனை ஏற்றினோம். அளவுமானியின் முள் மெல்ல இறங்கியது. சார் தூரிகையை எடுத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரிந்த எல்லா இணைப்புகளையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெபம் சொல்லிப் பார்த்தார். எதிலும் குமிழி இல்லை. குழாயில் நாங்கள் பார்க்காத பகுதி ஒன்றுதான் இருந்தது. குளிரறையில் இருந்து சந்துக்குப் போகும் குழாய், சாமி மேடையின் பின்பலகைக்கு உள்ளே ஓடியது.

செருப்பை முன்பே கழற்றியிருந்தார். மேடைக்கு முன்னால் போய் நின்றார்.

"அக்கா, இந்தப் பலகையைக் கழட்டிப் பாக்கணும்."

பார்வதி அக்கா எழுந்துவிட்டார். "முடியாது சார்."

"மறுபடி அப்படியே மாட்டித் தர்றோம்."

"அவர் கையால செஞ்சது. அவர் போய் இன்னும் வருஷம் திரும்பலை. வருஷம் திரும்பாம சாமியை இடம் மாத்தக்கூடாதுன்னு எங்க வீட்டுல எல்லாரும் சொல்லியிருக்காங்க. நீங்க வேற எது வேணாலும் சொல்லுங்க, செய்றேன்."

சார் வேறு வழிகளை எல்லாம் சொல்லிப் பார்த்தார். புதுக் குழாயை வேறு பக்கமாக ஓட்டலாம் என்றால், மறுபக்கம் அடுத்த கடைக்காரரின் சுவர். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்பதால் வேறு இடத்தில் துளையிட அனுமதி வாங்க நாளாகும். வெப்பத்தைக் குறைவாகப் பிடித்துவைக்கும் வாயுவில் ஓடும் புதிய இயந்திரத்துக்கு அரசு உதவித்தொகை இருந்தது. அதைப் பொருத்தவும் அதே பலகையைத்தான் கழற்ற வேண்டும்.

அடுத்த தெரு இறைச்சிக் கடைப் பாய், தன் குளிரறையில் பாதியை ஒழித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். சார் அதை வந்து சொன்னபோது, அந்த வருத்தத்திலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாய் தங்கமான மனுஷன் சார். ஆனா ஆட்டுத்தொடை பக்கத்துல தொங்கின மாலையைப் பெருமாளுக்குப் போட்டா, அவர் என்னைச் சும்மா விடுவாரா?"

கடைசியில் நுரைப்பெட்டிகளும் பனிக்கட்டியும்தான். சவரி சார் தினமும் காலையில் தன் காரில் பனிக்கட்டி ஏற்றிவந்து கடை வாசலில் இறக்கினார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. பனிக்கட்டி பட்ட மல்லிகை கறுத்தது. படாதது வாடியது. ரோஜா தலை கவிழ்ந்தது. தீபாவளிக்கு முந்தைய நாள் கூட்டத்தில் தெருவே நிறைந்திருந்தபோது, அக்கா பாதிப் பூவைக் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் கட்டிக்கொண்டிருந்தார். மாலை கேட்டு வந்த பழைய வாடிக்கையாளர்களை எதிர்க்கடைக்கு அவரே கை காட்டி அனுப்பினார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

ஆண்டு முடிவில் கடையைக் காலி செய்ய வேண்டும். எது நடக்கக் கூடாது என்று அக்கா அந்தப் பலகையைத் தொடவிடவில்லையோ அதுவே நடந்தது. வருஷம் திரும்புவதற்குள் சாமி இடம் மாற வேண்டியதாயிற்று. படங்களை மகள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். குளிர் இயந்திரத்தைக் கழற்ற நாங்கள் போயிருந்தோம். பின்பலகையை நானும் சாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாய்த்தோம்.

பலகையின் உட்பக்கம் எண்ணெய்க் கறை ஆளுயரத்துக்குப் படர்ந்திருந்தது. வாயுவோடு சேர்ந்து குழாயில் ஓடும் எண்ணெய் அது. சுவரில், மேடையைத் தாங்க மணியம் அண்ணன் முடுக்கிய ஒரு திருகாணி, செப்புக் குழாயை உரசிக்கொண்டு நின்றது. அது குழாயைத் துளைக்கவில்லை. தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. இயந்திரம் ஓடும்போதெல்லாம் குழாய் அதிர்ந்து, உரசி உரசி, ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை விழுந்திருந்தது.

சவரி சார் அங்கே கவிழ்த்து வைத்திருந்த பூக்கூடைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"மூக்கு சரியாத்தான் சொல்லிச்சு செல்வம்," என்றார். "இங்கதான் இங்கதான்னு கத்திச்சு. நான் சாம்பிராணின்னு சொல்லிட்டேன்."

பார்வதி அக்கா அருகில் வந்து திருகாணியைத் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் விரலில் ஒட்டியது. அதைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே சார்," என்றார். குற்றம் சாட்டும் குரல் அல்ல. "அன்னிக்கு அவர் இருந்தாரு. குழாய் எங்க போகுதுன்னு அவருக்குத் தெரியும். அவரே கழட்டிக் காட்டியிருப்பாரு. அஞ்சு நிமிஷ வேலை."

மறுநாள் காலை பட்டறையில் சவரி சார் எங்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார். "இனிமே எந்தக் கடைக்குப் போனாலும் மொதல்ல சாமி மேடை. நம்ம சாமி, சீனர் சாமி, சிலுவை, எதுவா இருந்தாலும் சரி. செருப்பைக் கழட்டு. கடைக்காரரைக் கேளு. புகையை அணைக்கச் சொல்லி, கதவைத் திறந்து காத்தாட விடு. அப்புறம் மூக்கை வை. கத்திச்சுன்னா, பின்னால என்ன இருக்குன்னு பாக்காம வெளிய வராதே." ஏன் என்று ஒருவன் கேட்டான். அவர் அலுவலக அறைக்குள் போய்விட்டார்.

கசிவை அடைக்காமல் மறுபடி நிரப்பக் கூடாது என்ற அந்த விதி தவறா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. தவறில்லை. அன்று அக்காவின் பேச்சைக் கேட்டு நிரப்பியிருந்தால் அதுவும் அந்தத் துளை வழியாகத்தான் போயிருக்கும். இப்படி ஊரில் உள்ள ஒவ்வொரு கடையும் கேட்டால் ஒவ்வொரு கடைக்கும் நிரப்ப வேண்டியிருக்கும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தீபாவளி நேரத்தில் அந்தத் தெருப் பக்கம் போவதை நான் விட்டுவிட்டேன்.

சவரி சார் ஓய்வுபெற்ற பிறகு சில ஆண்டுகள் நான் அவர் இடத்தில் இருந்தேன். இயந்திரங்களின் இரைச்சலிலேயே வாழ்ந்த காது மெல்ல மங்கியது. மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தாம் முதலில் போகும் என்றார் மருத்துவர். ஒரு நாள் ஒரு காய்கறிக் கடையில் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தபோது, பக்கத்தில் இருந்த குமரன், "அண்ணே, கத்துது," என்றான். எனக்குக் கேட்கவில்லை. அந்த மாதமே முன்கூட்டி ஓய்வு கேட்டு எழுதிக்கொடுத்தேன்.

குமரா, அந்தப் பையன்களிடம் சொல். கும்பிட விரும்புகிறவன் கும்பிடட்டும், அது அவன் விருப்பம். நாம் அங்கே முதலில் நிற்பது அதற்காக அல்ல.

சவரி சார் சென்ற ஆண்டு காலமானார். காத்தோங் பக்கம் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். நான் போய் உட்கார்ந்திருந்தபோது பார்வதி அக்கா வந்தார். கிளமெண்டியில் இருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி, தீவின் அந்தப் பக்கத்தில் இருந்து இந்தப் பக்கம்வரை தனியாக வந்திருந்தார். கையில் ஈரத்துணியில் சுற்றிய பொட்டலம். பிரித்தார். மல்லிகையும் ரோஜாவும் வைத்து அவரே கட்டிய மாலை.

"பூ வாங்கி வீட்டுல வச்சுக் கட்டினேன் தம்பி. வர்ற வழியிலேயே ஓரம் வாடிருச்சு."

"பரவாயில்லக்கா," என்றேன்.

மாலையைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பிறகு என் காதுக் கருவியைப் பார்த்துவிட்டு, நெருங்கி, சற்று உரக்கவே கேட்டார்.

"உங்க ஆளுங்க இன்னும் அந்த மூக்கை வச்சுத்தான் தேடுறாங்களா?"

"ஆமாக்கா. எந்தக் கடைக்குப் போனாலும் சாமி மேடையில இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. சார் போட்ட ரூல்."

அக்கா சவப்பெட்டியைப் பார்த்தார். ஈரத்துணியை நான்காக மடித்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா, இப்பவும் பிள்ளையார் வயித்தைப் பத்தித்தான் ஏதாச்சும் சொல்லுவாரு."